வெட்டின வண்டிக்கு நான் ஹார்ட் போட மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நழுவுகிறவர்கள் பெஞ்சு மேல் ஏற வேண்டும், சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் ஒருவர் தன் வண்டிப் படத்தைப் போட்டு என்னை டேக் செய்திருந்தார். 1982 மாடல் யெஸ்டி 250. பின் மட்கார்டு இல்லை. சீட்டுக்குப் பின்னால் சேஸிஸை அறுத்து, வளைத்து, வெல்டிங் வைத்திருக்கிறது. செயின் கவர் காணோம். டேங்கில் இருந்த வட்டச் சின்னத்தைப் பிடுங்கிவிட்டுக் கறுப்புப் பெயின்ட். "கஸ்டம் பாபர், எப்படி இருக்கு சார்?" என்று கேள்வி. கீழே ஹார்ட் மழை. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "கோபமா சார்?" என்று இரண்டு பேர் போனே செய்துவிட்டார்கள். ஆமாம், கோபம்தான். அவன் மேல் மட்டும் இல்லை. யார் யார் மேல் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா கம்பெனியோடு சேர்ந்து மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை தொடங்கியது. 1961-ல் வண்டி வெளியே வந்தது. முதலில் ஜாவா, எழுபதுகளில் யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்சர். கிக்கரும் கியரும் ஒரே லீவர். அதை உள்ளே தள்ளித் திருப்பினால் கிக்கர், இறக்கினால் கியர். வண்டியைக் கிளப்பிவிட்டால் கிளட்ச் பிடிக்காமலேயே கியர் மாற்றலாம். செயின் முழுக்க மூடி இருக்கும். மண் ரோட்டில், சேற்றில், வயல் வரப்பில் ஓட்டினவனுக்குத்தான் அந்தக் கவரின் அருமை தெரியும். நீங்கள் அசிங்கம் என்று கழற்றிப் போட்டது அதைத்தான்.

"2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் திரும்ப வந்துவிட்டதே சார்" என்பீர்கள். வந்தது பெயர். இன்ஜினும் வேறு, வண்டியும் வேறு. மைசூரில் செய்த வண்டி இனி ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்காது. கழித்தல் கணக்கு மட்டும்தான் அதற்கு உண்டு. நீ ஒன்றை அறுத்தால் உலகத்தில் ஒன்று குறையும். புது வண்டியை மாற்றிக் கெடுத்தால் ஷோரூமில் இன்னொன்று வாங்கலாம். இது அப்படியா?

"என் காசு, என் வண்டி" என்கிறார் ஒருவர். சரி, சட்டத்தைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டத்தை விடு. உன் தாத்தா எழுதிய பத்திரம் உன் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் ஓரத்தை வெட்டிப் பட்டம் விடுவாயா?

வெட்டுகிற எல்லோரையும் நான் திட்டவில்லை. குஜராத்தில் சௌராஷ்டிரா பக்கம் பழைய புல்லட்டை வெட்டி சக்கடா என்று மூன்று சக்கர வண்டி செய்தார்கள். ஆளும் மூட்டையும் ஏற்றிக் குடும்பங்கள் பிழைத்தன. அது வயிற்றுக்காகச் செய்தது. போட்டோவுக்காகச் செய்யவில்லை.

அடுத்த கோபம், சேகரிக்கிறோம் என்று சொல்லும் பெரிய மனிதர்கள் மேல். கிராமத்தில் ஒரு விதவைத் தாயாரிடம் "ஓடாத வண்டிதானே அம்மா" என்று அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். பளபளவென்று குரோமியம் பூசுவார்கள். கண்ணாடி அறையில் இருபதோடு இருபத்தொன்றாக நிறுத்துவார்கள். பெட்ரோல் வாசனை படாத மோட்டார் சைக்கிள் தாலாட்டுக் கேட்காத தொட்டில் மாதிரி. வெட்டுகிறவன் உடம்பைக் கெடுக்கிறான், பூட்டுகிறவன் உயிரை எடுக்கிறான்.

மூன்றாவது, விதி எழுதியவர்கள் மேல். 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்றார்கள். நல்லது, கை தட்டுகிறேன். ஆனால் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. மாளிகைக் காரை மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது. வாத்தியார் வண்டி, பால்காரர் வண்டி அவர்கள் கண்ணில் படவில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, போட்டுப் பாருங்கள். 15 வருடத்தில் வண்டி "பழசு" ஆகிவிடுகிறது; பதிவைப் புதுப்பிக்க அலைய வேண்டும். 50 வருடத்தில்தான் "பொக்கிஷம்" ஆகிறது. நடுவே 35 வருடம் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. காயலான் கடைக்குப் போவதும், கட்டர் மிஷினில் அறுபடுவதும் அந்த இடைவெளியில்தான். நம் தம்பியின் வண்டி 2032-ல் 50-ஐத் தொட்டிருக்கும். இன்னும் சில வருடம் பொறுத்திருக்கலாம்.

கடைசிக் கோபம் என் மேல். இதைச் சொல்லாமல் உங்களுக்குப் பாடம் எடுத்தால் அது அயோக்கியத்தனம்.

1988-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு யெஸ்டி வாங்கினேன். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனேன். தேள் கடித்த ஒரு மூன்றாம் வகுப்புப் பையனை முன்னால் டேங்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதில்தான். கம்பெனி மூடியபின் ஸ்பேர் கிடைக்கவில்லை. பட்டறை அண்ணன் ஒருவர் கையாலேயே புஷ் கடைந்து போட்டு ஓட்டிக் கொடுத்தார். 2004-ல் எனக்குப் பொறுமை போய்விட்டது. எடைக்குப் போட்டேன். கையில் வந்தது 1,500 ரூபாய். அண்ணன் கேள்விப்பட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அதோடு சரி, வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் குத்துகிறது. அவர் இப்போது இல்லை. புஷ் எப்படிக் கடைந்தார், எந்தச் சத்தம் கேட்டு எந்தக் கோளாறு என்று சொன்னார் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியுமா? பழைய வண்டிக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள், அதை ஓட வைக்கிற கைக்குக் கூலி கொடுக்கும்போது பேரம் பேசினால் எந்த மகன் வருவான்?

புகை வருகிறதே என்று சூழலியல் பேசும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உண்மைதான், டூ ஸ்ட்ரோக் புகைக்கும். தினம் ஆபீசுக்கு எடுத்துப் போகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து கிலோமீட்டர் போதும். எண்ணெய் அளவு சரியாகக் கலந்து, கார்புரேட்டரைச் சுத்தமாக வைத்தால் புகையும் குறையும்.

வீட்டுப் பாடம் மூன்று. ஒன்று, வீட்டில் பழைய வண்டி இருந்தால் வெட்டாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள், ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு, வாங்கினால் ஓட்டுங்கள். மூன்று, உங்கள் ஊரில் வயதான மெக்கானிக் இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைப் போனில் படம் பிடியுங்கள். அன்றைய கூலியைக் கேட்காமலே கொடுங்கள்.

தம்பி, படம் போட்டவனே, உன் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. அறுத்த சேஸிஸ் துண்டும் செயின் கவரும் இன்னும் பட்டறையில் கிடக்கிறதா என்று கேள். கிடந்தால் தூக்கிக்கொண்டு வரும் ஞாயிறு வீட்டுக்கு வா. திரும்ப ஒட்ட வைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். கூலி என் பென்ஷனிலிருந்து. டீச்சர் தோசை சுட்டு வைக்கிறேன் என்கிறார்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்