மலைமேல் நகரும் மறந்துபோன குறிப்பேடும்



வெளிநாடு சென்று திரும்பியவரிடம் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, "என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்பதேயாகும். 2025ஆம் யூபிலி ஆண்டின் அக்டோபர் மாதத்தில் உரோமைத் திருப்பயணம் முடித்து நாம் ஊர் திரும்பியபோதும் இக்கேள்வியையே பலரும் கேட்டனர். விடை சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை; சொல்லச் சொல்ல உற்சாகமே பெருகிற்று. ஆனால் நம் பங்கின் மூதாட்டி ஒருவர் மட்டும், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நம்மை நிறுத்தி, "அங்கே என் பெயரைச் சொன்னீர்களா, தம்பி?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நாம் அளித்த விடையை உங்களிடமும் சொல்லிவிடுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு, பங்கு மக்களின் வேண்டுதல்களை நாம் சுமந்து செல்ல இருப்பதாகப் பங்குத்தந்தை அறிவித்தார். ஒரு சிறு குறிப்பேடு கைமாறிக் கைமாறி நிறைந்தது. மொத்தம் 43 வேண்டுதல்கள். ஒருவருக்கு மகளின் திருமணம். மற்றொருவருக்குக் குடியை விடாத கணவர். இன்னொருவருக்கு வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் தம்பி. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டியின் வேண்டுதலை அவர் சொல்லச் சொல்ல நாமே எழுதினோம். அசிசியில் புனித பிரான்சிசின் கல்லறைமுன் நின்று ஒவ்வொரு பெயரையும் வாசிப்பதாக எல்லாருக்கும் வாக்களித்தோம்.

உரோமையில் நமக்குக் கிடைத்த ஓய்வு நாளில், வழிகாட்டியுடன் செல்லும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் இடம் பெற்றோம். ஒர்வியேத்தோ, அசிசி என்னும் இரு மலைநகரங்களைக் காட்டி இரவில் திரும்ப அழைத்து வருவது அதன் ஏற்பாடு. காலை 7 மணிக்குப் புறப்பட்ட பேருந்தில் பல நாட்டார் இருந்தனர். கையில் சிறு கொடி ஏந்திய வழிகாட்டி அம்மையார், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உரோமைக்கு வடக்கே ஏறக்குறைய 120 கி.மீ. தொலைவில், சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் பாறையின் உச்சியில் அமைந்திருக்கிறது ஒர்வியேத்தோ. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறை அது. அடிவாரத்திலிருந்து கம்பி வடம் இழுக்கும் சிறு இரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் உச்சியை அடைகிறோம். இறங்கியவுடன் அருகிலேயே இருப்பது புனித பத்ரீசியார் கிணறு. 1527இல் படைகள் உரோமையைச் சூறையாடியபோது திருத்தந்தை 7ஆம் கிளமெண்ட் இந்நகருக்கு வந்து அடைக்கலம் புகுந்தார். பகைவர் முற்றுகையிட்டால் ஊர் நீரின்றி மடியக் கூடாதென்று அவர் வெட்டச் செய்த கிணறே அது. 53 மீட்டர் ஆழம், 248 படிகள். சங்கின் புரிபோல் சுழன்றிறங்கும் இரு படிவழிகள் ஒன்றையொன்று சந்திக்காதவாறு அமைந்துள்ளன. நீர் எடுக்க ஒரு வழியே இறங்கும் கோவேறு கழுதை, மறு வழியே ஏறும் கழுதையோடு முட்டிக்கொள்ளாது. இதைக் கட்டிய சிற்பி அந்தோனியோ தா சங்கல்லோவின் அறிவை என்னென்பது!

அங்கிருந்து பேராலயம் சென்றோம். கரிய கல்லும் வெண்ணிறக் கல்லும் மாறி மாறி வரிவரியாய் எழுந்த சுவர்கள். வெயிலில் பொன்னாய்ச் சுடர்விடும் முகப்பு. இவ்வாலயத்தின் வரலாறு நம் ஒவ்வொரு பங்கோடும் தொடர்புடையது. 1263இல், நற்கருணையில் ஆண்டவரின் உண்மைப் பிரசன்னம் குறித்து ஐயுற்ற குரு ஒருவர், அருகிலுள்ள பொல்சேனாவில் புனித கிறிஸ்தினா ஆலயத்தில் பூசை நிறைவேற்றியபோது, அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத்துத் திருமேனித் துகிலை நனைத்தது என்பது வழிவழி வந்த செய்தி. அப்போது திருத்தந்தை 4ஆம் உர்பான் ஒர்வியேத்தோவில் தங்கியிருந்தார். துகில் அவரிடம் கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டு, 1264இல், கிறிஸ்துவின் திருவுடல் திருநாளைத் திருச்சபை முழுவதும் கொண்டாட அவர் ஆணையிட்டார். அந்நாளுக்குரிய செபங்களையும் பாடல்களையும் இயற்றியவர் புனித தாமஸ் அக்குவினாஸ் என்பது மரபு. நற்கருணை ஆசீரின்போது நம் கோவில்களில் முழந்தாட்படியிட்டுப் பாடும் பாட்டின் மூலம் அதுவே. 1290இல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் துகில் இன்றும் அங்கே ஒரு சிற்றாலயத்தில் வணக்கத்துக்கு வைக்கப்பட்டுள்ளது.

இவற்றையெல்லாம் நாம் விடாது குறித்துக்கொண்டோம். படமும் எடுத்துத் தள்ளினோம். ஆலயத்துக்கு எதிரே ஒரு கடையில் ஒர்வியேத்தோவைப் பற்றிய இரு படப் புத்தகங்களும் வாங்கினோம். பேருந்தில் ஏறியதும் அவற்றைப் பையில் வைக்க இடம் போதவில்லை. பையிலிருந்த சிலவற்றை எடுத்து முன் இருக்கையின் பின்புறப் பையில் செருகினோம். அச்சமயம் அது நமக்குப் பெரிதாகப் படவில்லை.

அசிசி செல்லும் வழியில் அம்மையார் இரண்டாம் உலகப் போர்க் காலத்து நிகழ்ச்சி ஒன்றை விவரித்தார். 1943, 1944ஆம் ஆண்டுகளில், செருமானியப் படையினர் இத்தாலியில் யூதர்களை வேட்டையாடிய வேளை. அசிசி ஆயர் நிக்கொலீனி, குரு அல்தோ புருனாச்சி, பிரான்சிஸ்கன் துறவி ருஃபீனோ நிக்காச்சி ஆகியோர் ஏறக்குறைய 300 யூதர்களுக்கு மடங்களில் அடைக்கலம் அளித்தனர். அடைப்புக் கன்னியர் மடங்களின் கதவுகளும் அன்று அவர்களுக்காகத் திறந்தன. லூயிஜி பிரீத்சி என்னும் அச்சகத்தாரும் அவர் மகனும் அவர்களுக்கு வேறு பெயர்களில் அடையாளச் சீட்டுகள் அச்சிட்டுக் கொடுத்தனர். ஒரு பெயரைச் சரியாக நினைவில் கொள்வதும் கொள்ளாததும் அன்று உயிரா சாவா என்பதாய் இருந்தது. இதைக் கேட்டு உருகிய நாமே, அன்று மாலைக்குள் என்ன செய்தோம் பாருங்கள்!

சூபாசியோ மலைச்சரிவில் இளஞ்சிவப்புக் கல்லால் கட்டிய அசிசி நகர் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. பேருந்து ஊருக்கு வெளியே நின்றது. கோட்டை வாயில் வழியே நடந்து, புனித கிளாரா ஆலயத்தில் சான் தமியானோச் சிலுவையை வணங்கினோம். பாழடைந்த ஆலயத்தைப் பழுதுபார்க்குமாறு பிரான்சிசிடம் ஆண்டவர் பேசியது அச்சிலுவையிலிருந்தே. பின்னர், புனிதர் பிறந்த வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் எழுந்துள்ள ஆலயத்தருகே வந்தோம். அங்கே அவர்தம் பெற்றோரின் சிலைகள் நிற்கின்றன. அன்னை பீக்காவின் கையில் ஒரு சங்கிலி. துணி வணிகரான தந்தை மகனைக் கட்டி வீட்டில் அடைத்து வைத்திருந்தார். அவர் வெளியூர் சென்ற வேளையில் கட்டவிழ்த்து அவனைப் போகவிட்டவள் அந்தத் தாய். அழகிய சிலை என்று அதையும் படமெடுத்துக்கொண்டோம். பெற்றோரின் உடைமையெல்லாம் துறந்து, உடுத்த ஆடையையும் பிரான்சிஸ் ஆயர்முன் களைந்து கொடுத்ததை நினைவுகூரும் ஆலயத்தில், 2025 செப்டம்பர் 7இல் புனிதராக உயர்த்தப்பட்ட இளைஞர் கார்லோ அகுத்தீஸ் துயில்கிறார். அங்கே வரிசை நீண்டிருந்தபடியால் வெளியிலிருந்தே வணங்கிச் சென்றோம்.

பிறகு பெரிய பேராலயம். 1226 அக்டோபர் 3 மாலையில் இறந்த பிரான்சிசை, 1228இல் திருத்தந்தை 9ஆம் கிரகோரி புனிதராக அறிவித்து, மறுநாளே இதற்கு அடிக்கல் நாட்டினார். மேல் ஆலயத்தில் புனிதரின் வாழ்வைச் சித்திரிக்கும் 28 சுவரோவியங்கள் உள்ளன. 1997 செப்டம்பர் 26இல் நிலநடுக்கத்தால் மேற்கூரை இடிந்து, சேதத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த இரு துறவியரும் இரு வல்லுநரும் இறந்தனர். நொறுங்கி வீழ்ந்த ஓவியத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துப் பொருத்தும் பணியில் பலர் பொறுமையோடு ஈடுபட்டனர். 1999இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இறுதியாக, படியிறங்கிக் கல்லறைக்குச் சென்றோம். இரும்புக் கம்பிகள் பிணைத்த எளிய கற்பேழை. சுற்றிலும் அவருடைய நான்கு தோழர்களின் கல்லறைகள். எதிரே, உரோமை நகரத்துக் கைம்பெண் யாக்கோபாவின் எச்சங்கள். இறக்கும் தறுவாயில் புனிதர் ஆசையோடு கேட்ட வாதுமைப் பலகாரத்தைச் செய்து கொண்டுவந்த பெருமாட்டி அவர். பேச்சொலி இல்லை, விளக்கொளி மட்டும். நமக்கு 10 நிமிடம் தரப்பட்டிருந்தது.

பைக்குள் கைவிட்டோம். இரண்டு படப் புத்தகங்கள் கையில் தட்டுப்பட்டன, குறிப்பேடு இல்லை. அது ஊருக்கு வெளியே நிற்கும் பேருந்தில், இருக்கைப் பையில் கிடந்தது.

பதறவில்லை என்று சொன்னால் பொய்யாகும். குறிப்பேடு இல்லாவிட்டால் என்ன, பெயர்கள் நினைவில் இருக்குமே என்று கண்களை மூடினோம். ஒவ்வொன்றாய் விரல்விட்டு எண்ணினோம். 17 பெயர்கள் வந்தன. அதற்குமேல் வரவில்லை. 53 மீட்டர் வந்தது. 248 படிகள் வந்தன. 1263, 1264, 1290 எல்லாம் தவறாமல் வந்தன. நம் தெருவில் நம்மோடு வாழும் 26 பேரின் துயரம் வரவில்லை. நம் கையாலேயே எழுதிய அந்த மூதாட்டியின் வேண்டுதலும் வரவில்லை. கொடி உயர்ந்தது, வெளியேறினோம். வெட்கத்தோடுதான் வெளியேறினோம்.

சுற்றுலாவின் கடைசி நிறுத்தம், மலையடியில் சமவெளியிலுள்ள தூய வானதூதர்களின் அன்னை பேராலயம். மாபெரும் கோபுரக் கூரையின்கீழ், ஒரு குடிசை அளவே உள்ள போர்சியுங்குலா என்னும் சிற்றாலயம் நிற்கிறது. பிரான்சிஸ் தம் கைகளால் பழுதுபார்த்ததும், தம் சபையின் தாயகமாகக் கொண்டதும் இதுவே. இதன் அருகில்தான் வெறுந்தரையில் கிடந்து அவர் உயிர்விட்டார். எல்லாரும் முள்ளில்லா ரோசாத் தோட்டத்தைப் பார்க்கச் சென்றனர். நாம் இம்முறை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே சென்று முழந்தாட்படியிட்டோம்.

முதல் பெயரிலிருந்து தொடங்கி மெல்ல வாசித்தோம். 31ஆவதாக, நம் கையெழுத்திலேயே இருந்தது: அந்தத் தாயின் இளைய மகன் வீட்டைவிட்டுப் போய் 11 ஆண்டுகள். கடிதமில்லை, செய்தியில்லை. "அவன் வந்தாலும் வராவிட்டாலும் சரி, எங்கே இருந்தாலும் கடவுள் அவனைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று அவர் சொல்லியிருந்தார். சற்றுமுன் நாம் படமெடுத்த சிலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையில் சங்கிலியோடு நிற்கும் தாயின்முன் நின்றும், நம் ஊர்த் தாயை நாம் நினைக்கவில்லையே! அதற்குமேல் வாசிக்கச் சிறிது நேரமாயிற்று. 43 பெயர்களையும் முடித்து வந்தபோது, பேருந்தில் இருந்தவர்கள் நமக்காகக் கால்மணி நேரம் காத்திருந்தனர். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

ஆகவே, கோவில் வாசலில் அந்த மூதாட்டி கேட்டபோது உள்ளதை உள்ளபடியே சொன்னோம். "கல்லறையில் சொல்லவில்லை, அம்மா. குறிப்பேட்டை மறந்துவிட்டோம், உங்கள் பெயரையும் மறந்துவிட்டோம். பிறகு, அவர் இறந்த இடத்தில் சொன்னோம்."

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "மறந்ததை மறைக்காமல் சொன்னீர்களே, போதும். அவனையும் இப்படித்தான் எங்கேயாவது யாராவது நினைப்பார்கள்" என்று கூறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். அவர் மகன் இன்னும் திரும்பவில்லை.

குடும்பத்தாரே, அசிசிக்கும் ஒர்வியேத்தோவுக்கும் செல்லும் வாய்ப்பு உங்களுள் சிலருக்குக் கிடைக்கலாம். கிடைத்தால் கட்டாயம் சென்று வாருங்கள். ஏற்ற இறக்கம் மிகுந்த ஊர்கள் ஆதலால் முழங்கால் வலுவாக இருக்கும்போதே செல்லுங்கள். 2026, புனிதர் இறந்த 800ஆம் ஆண்டு. ஆயினும் பலருக்கு அவ்வாய்ப்புக் கிடைக்காது. அதனால் அவர்களுக்குக் குறை ஒன்றுமில்லை. மலையேறிச் சென்ற நமக்கு அங்கே தெரிந்த உண்மை, அண்டை வீட்டாரை நாம் அறியவில்லை என்பதே. அதை அறிய மலையேற வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு மேசைமீது ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். தெருவில், பங்கில், உறவில் துன்புறுவோரின் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். இரவுக் குடும்ப செபத்தில் செபமாலை முடிந்ததும் நாளுக்கு மூன்று பெயர்களையாவது உரக்க வாசியுங்கள். சில மாதங்களில் குறிப்பேடு இல்லாமலேயே அப்பெயர்கள் நாவில் வரும். வந்தால், அவ்வீடுகளின் வாசலுக்கு உங்கள் கால்களும் தாமே செல்லும். நம் வீட்டிலும் அவ்வாறு தொடங்கியிருக்கிறோம். முதற்பக்கத்தில் முதலாவதாக உள்ளது, 11 ஆண்டுகளாய் வீடு திரும்பாத அந்த மகனின் பெயர்.