முதுகு ஊசியும் மரத்த பாதமும்

சென்ற கார்த்திகையில் ஒருநாள், லேக் மார்க்கெட்டில் வாழையிலை பேரம் பேசி நின்றோம். அண்டை வீட்டு அம்மையார் கண்கலங்கி அருகில் வந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், நெடுநேரம் முக்கியும் பயனின்றி, முடிவில் ஆபரேஷன். குழந்தை சுகமே. ஆனால், பதினைந்து நாளாகியும் தாயின் வலப்பாதம் நிமிரவில்லையாம், செருப்பு தங்குவதில்லையாம்.

“எல்லாம் அந்த முதுகு ஊசி செய்த வேலை, தம்பி! நாற்பது நாள் கழியட்டும் என்றிருக்கிறோம்” என்றார்.

ரயில்வேயில் சரக்கு ரசீது எழுதும் நமக்கு வைத்தியம் ஏது? எனினும் இச்சொல்லைப் பல இல்லங்களில் கேட்டிருப்பதால் விசாரிக்கலானோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பேறுகளும் வங்கத்தில் 32.6 பேறுகளும் ஆபரேஷன் மூலமே நிகழ்ந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வூசியே துணை.

1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் வைத்தியர் இம்முறையைக் கையாண்டார். (தம் முதுகிலும் குத்தச் செய்து, பல நாள் தலைவலியில் கிடந்தார் பாவம்!) தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. அதனால் நரம்பு கெடுவது அபூர்வம். அறவே இல்லை என்பதற்கில்லை.

ஆயின் பாதம் துவள்வதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. நீண்ட வலியில் சிசுவின் தலை இடுப்பெலும்போடு நரம்பை நசுக்கும்; கால்களை மடக்கி நெடுநேரம் பிடித்திருந்தால் முழங்காலின் வெளிப்புற நரம்பும் நசுங்கும். அமெரிக்காவில் ஆறாயிரத்துச் சொச்சம் தாய்மாரை விசாரித்து 2003-ல் வெளியான ஆய்வில், 56 பேருக்கு இத்தகைய நரம்புக்கேடு காணப்பட்டது. தலைப்பிரசவமும் நீண்ட முக்கலுமே அதனோடு தொடர்புற்றிருந்தன, ஊசி அன்று. பாதிப்பேருக்கு இரண்டு மாதத்திற்குள் குணமாயிற்று. ஒன்று உண்மை: மரத்த காலுக்கு நோவு தெரியாததால், தாய் அதை அசைத்து வைத்துக்கொள்வதில்லை.

சகோதரிகள் அஞ்சவேண்டியது வேறொன்று. தெளிந்த மரப்பு மீண்டும் ஏறினாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ, கடும் முதுகுவலியுடன் காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் அடைபட்டாலோ தன்னறிவின்றிப் போனாலோ, உள்ளே இரத்தமோ சீழோ நரம்பை அழுத்தக்கூடும். அப்போது நாற்பது நாள் அல்ல, நான்கு மணி நேரமும் அதிகம். இரவென்று பாராது ஆஸ்பத்திரிக்கு விரைக. தீட்டு, பத்தியம், ‘பிள்ளைபெற்றவள் வாசல் தாண்டலாமா’ என்ற பேச்சு எல்லாம் பிறகு.

அம்மையாரிடம் இவற்றைச் சொல்லி, மறுநாளே மகளை நரம்பு வைத்தியரிடம் அனுப்பினோம். முழங்காலருகே நசுங்கியது என்றார் அவர்; பாதத்தைத் தாங்க ஒரு கட்டுச்சட்டமும் பயிற்சியும் விதித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியே நடக்கலாகாதென்றும் எச்சரித்தார். தை பிறந்தபோது பெருவிரல் மேலெழுந்தது. இப்போது மாடிப்படி ஏறுகிறாள்.

அம்மையாரோ இன்னமும் முதுகு ஊசியைத்தான் ஏசுகிறார்.