குரங்குக்குச் சாத்தலாம், பால்காரருக்குச் சாத்தலாமா?

எங்கள் வெலிங்டனில் குரங்குத் தொல்லை அதிகம். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் ரொட்டி பாக்கெட் போன இடம் தெரியாது. அதற்காக வாசல் கதவையும் பூட்டிக்கொண்டு, பால்காரர் தட்டினாலும் திறக்காமல் இருப்போமா? செல்போன் விஷயத்தில் நான் அதைத்தான் செய்தேன்.

குன்னூரில் ஒரு துணிக்கடையில் பரிசுக் கூப்பன் என்று சொல்லி போன் நம்பர் கேட்டார்கள். ஆசைப்பட்டு எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து தள்ளுபடி, லோன், பிளாட் என்று ஓயாமல் எஸ்.எம்.எஸ். அடுப்படியில் கை ஈரத்தோடு ஓடி ஓடிப் பார்த்து அலுத்துப் போனேன். பத்தாவது படிக்கும் என் மகனிடம், "எல்லாத்தையும் பிளாக் பண்ணிடுடா கண்ணா" என்றேன். அவனும் பேர் புரியாத அத்தனையையும் அடைத்துவிட்டான்.

நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள், நல்ல மழையில் நாற்பது படி ஏறி கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், "அக்கா, போன்ல வந்த நாலு நம்பரைச் சொல்லுங்க" என்றார். போனில் ஒன்றுமே இல்லை. "நம்பர் இல்லாம குடுக்க முடியாதுக்கா" என்று திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் முதுகைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. அப்புறம் மகன் தேடிப் பார்த்தால், அடைத்த செய்திகளோடு அந்த நம்பரும், பேங்க் செய்திகளும் கிடக்கின்றன!

அதே வாரம் அத்தையின் போனில், 'மின் கட்டணம் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடவும்' என்று ஒரு செய்தி. "ஏம்மா, கரண்ட் பில் கட்டலையா?" என்று பதறிக் கூப்பிடப் போனார். நல்ல வேளை, என்னவர் ரசீதை எடுத்துக் காட்டினார். இதே போலிச் செய்தி பற்றி 2022-லேயே மின்வாரியம் எச்சரித்திருக்கிறது. ஆக, வர வேண்டியதை அடைத்தேன். வரக்கூடாதது தாராளமாக வந்தது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். விளம்பரச் செய்திகளை நிறுத்த 1909 என்ற எண் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் இந்த விதிகள் 2011 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று அடித்து, ஒரு இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்பினால் விளம்பரங்களுக்கு மட்டும் தடை; பேங்க் செய்தி, ஓ.டி.பி. எல்லாம் வரும். அதையும் மீறி விளம்பரம் வந்தால் அதே எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் கூப்பனில் நாமே சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கடை அனுப்புவதை இது தடுக்காது. ஆகவே எழுதிக் கொடுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. 2025 முதல், அனுப்பும் நிறுவனப் பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து வருகிறது. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பணப் பரிமாற்றம் போன்றவை, 'ஜி' அரசு. மின்வாரியம் பேரைச் சொல்லிக்கொண்டு சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தால் நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போவதாக எஸ்.எம்.எஸ்.ஸில் வதந்தி பரவி, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ரயிலேறினார்கள். மொத்தமாகச் செய்தி அனுப்ப அரசு 15 நாள் தடை போட்டது. அவசரத்துக்கு அது சரி. அரசே கூட அதை நாள் கணக்கு வைத்துத்தான் அடைத்தது. நாம் ஒரேயடியாக அடைத்துவிட்டு மறந்துபோகிறோம்!

என் ஆதங்கம் வேறொன்று. பக்கத்து வீட்டு அக்காவுக்கு கேஸ், பேங்க், ரேஷன் எல்லாமே கணவர் நம்பரில்தான். அவர் வெளியூர் போனால் சிலிண்டர் கூட வாங்க முடியாது. 'பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்கிறார். வீட்டில் எதைச் சாத்துவது, எதைத் திறப்பது என்று நமக்குத் தெரியாதா? போனில் மட்டும் ஏன் பிள்ளையையும் கணவரையும் எதிர்பார்க்க வேண்டும்?

சகோதரிகளே, உங்கள் பாஸ்புக்கில் இருப்பது யார் நம்பர் என்று இன்றே எடுத்துப் பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் மாற்றுங்கள். அடைக்கவும் திறக்கவும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்டேன், அடுத்த சிலிண்டர் வந்தபோது, அவர் படியேறி முடிப்பதற்குள் நாலு நம்பரோடு வாசலில் நின்றேன்.

- ஒரு வாசகி, வெலிங்டன், நீலகிரி.