பந்தய மைதானம் யாருக்குச் சொந்தம்?

மோட்டார் பந்தயத்துக்கும் ராமநாதபுரம் ஜில்லாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கண்மாயில் நீர் வருமா என்று வானத்தைப் பார்த்திருக்கும் குடியானவனுக்கும், கடலை நம்பி ஜீவிக்கும் மீனவனுக்கும் இதனால் ஆவது என்ன என்பது நியாயமான கேள்வியே. ஆயினும், நம் சாலைகளைக் கவனிப்பவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். பாம்பன் கடலின் மீது 1988-ல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி பாலமும், தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை செல்ல 2017-ல் திறக்கப்பட்ட நேர்ச்சாலையும், மோட்டார் சைக்கிள் ஏறிய வாலிபனை வா வா என்று அழைக்கின்றன. வேகத்தில் மோகம் கொண்டவனுக்கு அதை முறையாகப் பழக ஓர் இடம் இல்லையானால், பொதுச் சாலையே அவனுக்குப் பந்தயக் களமாகிறது. அங்கே ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல. எதிரே வரும் யாத்திரிகனுக்கும், ஓரமாக நடந்து செல்லும் ஏழைக்கும் உண்டு.

தமிழ்நாட்டில் பந்தயக் களங்களே இல்லாமற் போகவில்லை. ஆனால் ஒரு காலத்தில் பெருந்திரளான ஜனங்களைக் கவர்ந்த இவ்விளையாட்டு இன்று சிலரது காரியமாகச் சுருங்கிவிட்டது. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. செலவு அதிகம் என்கிறார்கள், அது மெய்யே. கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்கிறார்கள், அதுவும் மெய்யே. ஆனால் மூல காரணம் வேறு. பந்தயம் நடக்கும் மண் யாருடையது என்பதே அது.

சோழவரத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். இரண்டாவது உலக யுத்த காலத்தில், சென்னைக்கு வடக்கே யுத்த விமானங்களுக்கென்று அங்கே ஓடுபாதை போடப்பட்டது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுபாதை மிஞ்சிற்று. 1953-ல் ஏற்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் பந்தயங்களை நடத்திற்று. கல்கத்தாவுக்கு அருகில் பாரக்பூரிலும் இவ்வாறே விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. மகாராஜாக்களும் முதலாளிகளும் ஓட்டிய அதே பாதையில், தம் கையாலேயே யந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய பட்டறைக்காரர்களும் ஓட்டினார்கள். அதைக் காணப் பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். ஆனால் நிலம் கிளப்புக்குச் சொந்தமானதன்று. அனுமதி இருந்த வரையில் பந்தயம் இருந்தது; 1980-களோடு சோழவரத்தின் காலம் முடிந்தது.

இங்கிலாந்திலும் ஸில்வர்ஸ்டோன் என்னும் இடம் இதே யுத்தத்துக்காகப் போடப்பட்ட விமானத் தளந்தான். 1948-ல் அங்கே பந்தயம் தொடங்கிற்று. 1952-ல் பந்தய வீரர்களின் சங்கமே அதைக் குத்தகைக்கு எடுத்தது. 1971-ல் நிலத்தை விலைக்கு வாங்கிற்று. இன்றும் அங்கே உலகப் பந்தயம் நடக்கிறது. அதே நாட்டில், பந்தயத்துக்கென்றே 1907-ல் கட்டப்பட்ட புரூக்லண்ட்ஸ் களமோ 1939-க்குப் பின் பந்தயத்தைக் காணவில்லை. யுத்தத்துக்குப் பிறகு, 1946-ல், அது விமானம் செய்யும் கம்பெனிக்கு விற்கப்பட்டது. ஒன்று வாழ்ந்தது, ஒன்று மாண்டது. வித்தியாசம் விளையாட்டிலா, உடைமையிலா?

சென்னை கிளப் சோழவரத்தின் பாடத்தை மறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தக் களம் அமைத்து, 1990-ல் திறந்தது. சுமார் 3.7 கிலோ மீட்டர் நீளமுள்ள அப்பாதை இன்றும் உயிரோடிருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003-ல் மற்றொரு களம் திறக்கப்பட்டது. மாருதி யந்திரத்தைக் கொண்டு நம் நாட்டிலேயே பந்தயக் கார் செய்து காட்டிய கரிவரதனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2005-ல் கோவையின் நாராயண் கார்த்திகேயனும், 2010-ல் சென்னையின் கருண் சந்தோக்கும் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியது தற்செயலன்று. களம் இருந்த நாட்டில் வீரர்கள் தோன்றினார்கள்.

வடக்கே நடந்ததையும் கவனியுங்கள். டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் ஒரு தனி முதலாளிக் கம்பெனி 5 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட பிரம்மாண்டமான களத்தைக் கட்டிற்று. புத்தரின் பெயரும் சூட்டிற்று. 2011, 2012, 2013 ஆகிய மூன்று வருஷங்கள் உலகப் பந்தயம் நடந்தது. பிறகு வரித் தகராறு வந்தது, பந்தயம் நின்றது. கம்பெனி கடனில் மூழ்கிற்று. பாக்கி கட்டவில்லை என்று 2020-ல் யமுனா அதிகார சபை நில ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. 2024-ல் கம்பெனியே திவால் விசாரணைக்கு உள்ளாயிற்று. 2012-க்குப் பின் பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவரும் ஓட்டவில்லை. ஆடம்பரமாகக் கட்டியதால் களம் நிலைக்கவில்லை. லாபக் கணக்கோடு பிறந்தது, நஷ்டக் கணக்கோடு தவித்தது.

நம் ராஜ்ய சர்க்கார் வேறொரு வழியைக் கண்டது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள தெருக்களையே களமாக்கி, இரவில் மின்விளக்கொளியில் பந்தயம் நடத்திற்று. விஷயம் ஹைகோர்ட் வரை சென்றது. காட்சி அழகாயிருந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு இரவுக்குப்பின் வேலியைப் பிரித்துச் சென்றபோது, ஒரு வாலிபனாவது பழகுவதற்கு அங்கே என்ன மிஞ்சிற்று? கல்யாணப் பந்தல் குடியிருக்கும் வீடாகாது.

இது பணக்காரர் விளையாட்டு, இதற்குப் பொதுப்பணம் எதற்கு என்று தேச ஊழியர்களில் பலர் சொல்வார்கள். நமது பதில் இதுவே: மண் பணக்காரரிடம் இருப்பதால்தான் விளையாட்டும் அவர்களிடம் இருக்கிறது. ஜல்லிக்கட்டை 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை செய்தபோது ஜனங்கள் சும்மா இருந்தார்களா? 2017-ல் லட்சக்கணக்கில் திரண்டார்கள், சட்டம் திருத்தப்பட்டது, 2023-ல் அதே கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. ஊர்மந்தை ஊராருடையது, ஆகையால் அதற்கு ஊர் பரிந்து எழுந்தது. சோழவரம் மூடியபோது எழுந்தவர் யார்?

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, இருக்கும் களங்களை எக்காலத்திலும் மனைகளாகவோ கிடங்குகளாகவோ மாற்ற முடியாதபடி சட்டம் காக்க வேண்டும். இரண்டாவது, சர்க்கார் பணமோ சலுகையோ பெறும் ஒவ்வொரு களமும், மாதத்தில் சில தினங்களாவது பட்டறைத் தொழிலாளிகளுக்கும் தொழிற்கல்வி மாணவர்களுக்கும் சொற்பக் கட்டணத்தில் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, கருவேலம் மண்டிக் கிடக்கும் நம் ஜில்லாவின் புறம்போக்கில், கண்மாயையும் கடற்கரையையும் தொடாமல், ஒரு சிறு பயிற்சிப் பாதையேனும் அமைத்து, அதைப் பொது ஸ்தாபனம் ஒன்றின் பொறுப்பில் விட வேண்டும். உலகப் பந்தயம் நமக்கு வேண்டாம். தலைக்கவசம் அணியவும், பிரேக் பிடிக்கவும், யந்திரத்தை அறியவும் கற்றுத்தரும் ஒரு மைல் பாதை போதும்.

வேகம் வாலிபத்தின் இயல்பு. அதற்கு இடம் கொடுப்பதா, அல்லது பாம்பன் பாலத்தில் பலி கொடுப்பதா என்பதை ஜில்லா அதிகாரிகளும் ஜனப் பிரதிநிதிகளும் காலந்தாழ்த்தாது தீர்மானிப்பார்களாக.