இறக்கையை ஆட்டிப் பார்ப்பது தண்டச் செலவா?

நிற்கிற விமானம் சம்பாதிக்காது. வியாபாரக் கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனாலும் புதிய ரக விமானம் முதல்முறை பறப்பதற்கு முன்னால் அதை ஹேங்கரில் நாள்கணக்கில் நிறுத்தி ஆட்டிப் பார்க்கிறார்கள். தரை அதிர்வுச் சோதனை என்று பெயர்.

மெத்தென்ற தாங்கிகளில் விமானத்தை நிறுத்தி, அதிர்வுக் கருவிகளை மாட்டி, உடம்பெங்கும் நூற்றுக்கணக்கான சென்சார்களை ஒட்டி அளக்கிறார்கள். எந்த வேகத்தில் இறக்கை இயல்பாக ஆடுகிறது, அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதே கேள்வி.

அடங்காவிட்டால்? இறக்கை வளைவதும் முறுக்கிக்கொள்வதும் கூட்டுச் சேர்ந்துகொண்டால், ஓடும் காற்றே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சக்தி கொடுக்கும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி. இதுதான் ஃப்ளட்டர். சில நொடிகளில் இறக்கை பிய்ந்துவிடலாம்.

"எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடுமே, பிறகு எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்பவர்கள் லாக்ஹீட் எலெக்ட்ராவின் கதையைப் படிக்க வேண்டும்.

1959 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் பிரானிஃப் நிறுவனத்தின் எலெக்ட்ரா நடுவானில் சிதறியது. 34 பேர் பலி. 1960 மார்ச் 17 அன்று இண்டியானாவில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் எலெக்ட்ரா. 63 பேர் பலி. இரண்டிலும் இறக்கை பிய்ந்திருந்தது.

எலெக்ட்ரா சோதிக்கப்படாத விமானம் அல்ல. எஞ்சினைத் தாங்கும் அமைப்பு உறுதியாக இருந்தவரை ஆபத்தில்லை. அது பலவீனப்பட்டால்தான் வினை. எஞ்சினும் புரொப்பல்லரும் பம்பரம் தலை சுற்றுவதுபோல் ஆட ஆரம்பித்தன. அந்த ஆட்டத்தின் வேகம் குறைந்து குறைந்து, இறக்கையின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போனது. அவ்வளவுதான்!

பழுதில்லாத விமானத்தைக் கேட்ட கேள்வியைப் பழுதான விமானத்திடம் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தாங்கிகளையும் இறக்கையையும் பலப்படுத்த லாக்ஹீடுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டாலர் செலவானது. போன 97 உயிர்கள் எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் வரவில்லை.

இன்று அமெரிக்க விதிகளின்படி, எஞ்சின் தாங்கியில் ஏதாவது ஒரு பாகம் உடைந்தாலும் ஃப்ளட்டர் வராது என்று நிரூபிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் கணக்கு சரியா என்று சொல்ல, நிஜ இறக்கையை ஆட்டி எடுத்த அளவு வேண்டும். கம்ப்யூட்டர் மாதிரி, நாம் கொடுத்த எண்களைத்தான் நம்பும். நிஜ இறக்கையின் ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு இறுக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஆகவே, இந்தச் சோதனையைச் செலவுப் பட்டியலில் வெட்டலாமா என்று யோசிப்பவர்கள் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வைக்கட்டும். லாபத்தில் கைவைக்கிற செலவு இல்லை இது. லாபம் என்று ஒன்று வருவதற்கே இதுதான் முதல்.