லேப்டாப்புக்கு மூச்சு வாங்குதா? போர்டை மாற்றும் முன் மூன்று கேள்விகள்!

மே மாதத்து மதியம். உடுமலைப்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் மகன், கட்டில் மெத்தையில் கேமிங் லேப்டாப்பை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். முதல் பத்து நிமிடம் படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதன் பிறகு விக்கி விக்கி நிற்கிறது. மின்விசிறி ஜெட் விமானம்போல இரைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், புராசஸரின் வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ் என்கிறது. அடுத்த நொடி 2.0. அதற்கும் அடுத்து 1.2. மறுபடி 3.8.

விளையாட்டு மட்டும் என்றால் விட்டுவிடலாம். இறுதியாண்டு புராஜெக்ட்டின் முப்பரிமாண மாடலும் இதே லேப்டாப்பில்தான் இருக்கிறது. அதைத் திறந்தாலும் இதே விக்கல். போனில் விசாரித்த கடைக்காரர், லேப்டாப்பைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "போர்டு போயிருக்கும் தம்பி. 25 ஆயிரம் ஆகும்."

தென்னந்தோப்பு வருமானத்தில் சேர்த்துவைத்து, 80 ஆயிரம் கொடுத்து வாங்கித் தந்த அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏஞ்சாமி, வாங்கி ரெண்டு வருசந்தான ஆச்சு? அதுக்குள்ள போர்டு போயிருமா?"

"தெரியலீங்ப்பா. வேகம் நிக்காம ஏறி ஏறி இறங்குது."

சாயங்காலம் வந்த தாய்மாமன், போர்வெல் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுபவர். கம்ப்யூட்டர் தெரியாது, மோட்டார் தெரியும். அவர் கேட்டது மூன்றே கேள்விகள். "மாப்ள, சூடு எத்தன? கரன்ட் எவ்வளவு வருது? லோடு எவ்வளவு கொடுக்கற?"

கேமிங் லேப்டாப்பின் வேகப் பிரச்னையில் பெரும்பகுதி இந்த மூன்று கேள்விகளுக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஏறி இறங்குவது நோயா?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்ளலாம். வேகம் மாறுவது தன்னளவில் கோளாறே இல்லை. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்புகள். அத்தனை வேகமும் எல்லா நேரமும் தேவைப்படாது. வேலை இல்லாதபோது மெதுவாகவும், வேலை வந்தால் வேகமாகவும் துடிப்பதுதான் இன்றைய புராசஸரின் இயல்பு.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கினால் மின்சாரத் தேவையும் அதற்கேற்பக் குறையும், ஒரே பரப்பில் சூடு கூடாது என்று 1974-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தக் கணக்கு பலித்தது. 2005 வாக்கில் அது நின்றுபோனது. சிப்கள் சிறிதாயின, சூடு குறையவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் 2004-ல் கைவிட்டது. அதன் பிறகு, 'எப்போதும் உச்ச வேகம்' என்பதற்குப் பதிலாக 'முடிந்தபோது உச்ச வேகம்' என்ற வழி வந்தது. வேகத்தைக் குறைத்து பேட்டரியை மிச்சப்படுத்தும் ஸ்பீட்ஸ்டெப் 2000-லேயே லேப்டாப்புக்கு வந்திருந்தது. இடமிருக்கும்போது வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போ பூஸ்ட், 2008-ல் கோர் ஐ7 உடன் வந்தது.

அதனால்தான் பெட்டியில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. இன்டெல் கோர் ஐ5-12450எச் புராசஸரை எடுத்துக்கொண்டால், அதன் முதன்மை கோர்களின் அடிப்படை வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.4. அடிப்படை வேகத்துக்கு 45 வாட். உச்சத்தில் 95 வாட் வரை குடிக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது 4.4. அது நாள் முழுக்க ஓடுவதற்கான வேகம் அல்ல.

உடுமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் காற்றாலை போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கூடக் கூட இறக்கையும் வேகமாகச் சுற்றும், ஓர் அளவு வரைக்கும்தான். காற்று நொடிக்குச் சுமார் 25 மீட்டரைத் தாண்டினால், பெரும்பாலான காற்றாலைகள் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொள்ளும். அது பழுதில்லை, பாதுகாப்பு. 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் புராசஸர் வேகத்தைக் குறைப்பதும் அப்படித்தான்.

முதல் கேள்வி: சூடு எத்தனை?

இன்டெல் லேப்டாப் புராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ஏ.எம்.டி. ரைசன் லேப்டாப் சிப்கள் பலவற்றுக்கு 95. அந்தக் கோட்டைத் தொட்டதும் வேகம் இறங்கும், சூடு தணியும், மறுபடி ஏறும், மறுபடி தொடும். திரையில் தெரியும் விக்கல் இந்த ஏற்ற இறக்கம்தான்.

அறை வெப்பம் 25-லிருந்து 35-க்குப் போனால், அதே வேலைக்கு சிப்பின் வெப்பமும் ஏறத்தாழ அதே பத்து டிகிரி கூடும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய விளையாட்டு, மே மாதத்தில் விக்குவதற்கு இதுவே போதும். மெத்தையில் வைத்தால் அடிப்பக்கத்துக் காற்று வழி அடைபடும். இதோடு தூசியும் சேரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது புழுதி என்ன செய்யும்? ஸ்பின்னிங் மில் பக்கத்தில் வீடு என்றால் பஞ்சுத் தூசியும் உண்டு. அது ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால் கம்பளிபோலப் படியும். மின்விசிறி இரையும், காற்று வெளியே வராது.

இரண்டாம் கேள்வி: கரன்ட் எவ்வளவு வருகிறது?

கேமிங் லேப்டாப்போடு வரும் அடாப்டர் கனமாக இருப்பது சும்மா இல்லை. 20 வோல்ட், 9 ஆம்பியர் என்று அதில் அச்சிட்டிருந்தால் 180 வாட். ஹாஸ்டலில் அதை மறந்துவிட்டு, நண்பரின் 65 வாட் டைப்-சி சார்ஜரில் போட்டால் லேப்டாப் எரியும்தான். ஆனால், புராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் சேர்த்து அந்த 65 வாட் போதாது. பேட்டரியில் மட்டும் ஓடும்போதும் இதே கதை.

புராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே மின்சாரத்தையும், பெரும்பாலும் ஒரே ஹீட்சிங்க்கையும் பங்கிட்டுக்கொள்கின்றன. பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடுவதில்லை. முறை வைத்துத்தான் விடுவார்கள். என்விடியாவின் டைனமிக் பூஸ்ட் செய்வதும் ஒருவகையில் அதுதான். கிராபிக்ஸுக்கு வேலை அதிகமென்றால் புராசஸரின் பங்கில் கொஞ்சம் அங்கே போகும். அப்போது புராசஸர் வேகம் குறைந்தாலும் விளையாட்டு சீராகவே ஓடும். எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மூன்றாம் கேள்வி: என்ன லோடு, என்ன உத்தரவு?

விண்டோஸில் பவர் மோட் பேட்டரியை மிச்சப்படுத்தும் நிலையில் இருந்தால், புராசஸர் அடக்கி வாசிக்கும். பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட்' 99 சதவிகிதம் என்று யாராவது வைத்திருந்தால், பல லேப்டாப்களில் டர்போவே வேலை செய்யாது. ஒரே ஒரு சதவிகிதம்தானே என்று தோன்றும், வேகம் பாதியாகிவிடும். ஏசரின் நைட்ரோ சென்ஸ், ஆசூஸின் ஆர்மரி கிரேட் போன்ற செயலிகளில் 'சைலன்ட்' இருக்கிறதா, 'பெர்ஃபாமன்ஸ்' இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லெனோவா லீஜியனில் எஃப்.என். விசையோடு கியூ-வை அழுத்தினாலே மோட் மாறிவிடும். கை தவறி மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே ஓட்டலாம்.

எந்த வேலையும் செய்யாதபோதே சி.பி.யு. பயன்பாடு 70, 80 சதவிகிதம் காட்டினால், பின்னணியில் எதுவோ ஓடுகிறது. அப்டேட்டாக இருக்கலாம். திருட்டுத்தனமாக இறக்கிய விளையாட்டோடு ஒட்டிவந்த கிரிப்டோ மைனராகவும் இருக்கலாம்.

திறக்கும் முன் அளந்து பாருங்கள்

எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை, அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். சென்சார் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு 15 நிமிடம் விளையாடுங்கள். பிறகு வெப்பம், வேகம், வாட், 'தெர்மல் த்ராட்டிலிங்' ஆகிய நான்கு வரிகளை மட்டும் பாருங்கள்.

* வெப்பம் 95 - 100, த்ராட்டிலிங் 'யெஸ்' என்றால் பிரச்னை சூடுதான். பத்து நிமிடத்தில் மெல்ல ஏறினால், தூசி அல்லது காற்றோட்டம் காரணமாக இருக்கலாம். சில நொடிகளில் விருட்டென்று 100-ஐத் தொட்டால், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.
* முதல் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ உச்ச வேகம், பிறகு ஓர் அளவில் நிலைத்து நிற்கிறது. வெப்பமும் 80-களில் இருக்கிறது. இது நிறுவனமே வைத்த மின்சார எல்லை. பழுது இல்லை.
* வெப்பம் 70-க்குக் கீழே, வேகம் அடிப்படை எண்ணைத் தாண்டவே இல்லை என்றால் பவர் மோடையும் அந்த 99 சதவிகிதத்தையும் பாருங்கள்.
* என்ன செய்தாலும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அடாப்டரை லேப்டாப் அடையாளம் காணவில்லை. அல்லது ஏதோ ஒரு சென்சார் தவறாக அபாய மணி அடிக்கிறது. சரியான அடாப்டரை மாட்டிப் பார்த்தும் மாறவில்லை என்றால்தான் போர்டு பேச்சே வர வேண்டும்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்

மெத்தையை விட்டு மேஜைக்கு மாற்றுங்கள். பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்துங்கள். ஒரிஜினல் அடாப்டரை மாட்டுங்கள். விளையாட்டின் ஃப்ரேம் ரேட்டை 60 என்று கட்டிவையுங்கள். திரைக்குத் தேவைக்கு மேல் வரைவது வெறும் சூடு. பயாஸ் அப்டேட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து, சார்ஜரில் போட்டபடி செய்யுங்கள்.

தூசி தட்ட வேண்டுமென்றால், வாரன்ட்டி இருக்கும்வரை சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டே திறக்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்வது அவசியம். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். யூடியூப் பார்த்து, சூட்டுப் பாதுகாப்பையே அணைத்துவைக்கும் வித்தைகளைச் செய்யாதீர்கள். டிரிப் ஆகும் மோட்டாருக்கு ரிலேயைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

விலை அதிகமென்றாலும் விதிவிலக்கில்லை

2018 ஜூலையில் ஆப்பிளின் கோர் ஐ9 மேக்புக் புரோ, கனமான வேலை கொடுத்தால் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதை ஒரு யூடியூபர் காட்டினார். சில நாள்களில், சூட்டைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் ஒரு பிழை இருப்பதாக ஆப்பிள் ஒப்புக்கொண்டு, அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. யாரும் போர்டை மாற்றவில்லை.

கையிலுள்ள போனுக்கும் இதே விதிதான். பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைப்பதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒத்துக்கொண்டது. புதுப் பேட்டரி போட்டவர்களுக்கு வேகம் திரும்பியது. வெயிலில், சார்ஜில் போட்டபடி விளையாடும்போது போன் திணறினால், புதுப் போன் பார்க்கும் முன் நிழலுக்கு வந்து பாருங்கள்.

உடுமலை வீட்டுக்கு வருவோம். அளந்து பார்த்ததில் 100 டிகிரி, த்ராட்டிலிங் 'யெஸ்'. அடாப்டர் சரி. மெத்தையிலிருந்து மேஜைக்கு மாற்றியதும் ஐந்து டிகிரி இறங்கியது. மறுநாள் கடையில் அடிமூடியைத் திறந்தால், இரண்டு மின்விசிறிகளின் வாயிலும் பஞ்சுத் தூசி திரிதிரியாக வந்தது. சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் வைத்ததற்கு ஆன கூலி, போர்டுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது அதே விளையாட்டில் 85 டிகிரி. வேகம் 3.4-க்கும் 3.6-க்கும் நடுவில் ஆடுகிறது. புராஜெக்ட் மாடலும் விக்கலில்லாமல் சுழல்கிறது.

"இன்னும் ஏறி இறங்கிட்டுத்தான இருக்குது?" என்று அப்பா எட்டிப் பார்க்கிறார்.

"அது அப்படித்தானுங்ப்பா இருக்கும். உசுரோட இருக்குதுன்னு அர்த்தம்."

"செரி. மெத்தைக்கு மட்டும் மறுக்காக் கொண்டு போயிராத!"