ஸ்கேனில் 'சைனஸ் சிஸ்ட்'... உடனே ஆபரேஷனுக்கு ஓடணுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், கோட்டக்குப்பத்துக்காரர்கள் பெரும்பாலும் புதுச்சேரிக்குத்தான் ஓடுவார்கள். சி.டி. ஸ்கேனில் மூளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்து நிம்மதியாகும் நேரத்தில், ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'மேக்ஸிலரி சைனஸில் ரிடென்ஷன் சிஸ்ட்'. "சிஸ்ட்டுன்னா கட்டிதானே? கேன்சரா இருக்குமோ?" என்று வீடே பதறிவிடும்.

பதற வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கக் கூடாது.

அது என்ன கட்டி?

கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைதான் மேக்ஸிலரி சைனஸ். அதன் உள்சவ்வில் சளி சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்றின் வாய் அடைபட்டால், சளி தேங்கி சின்ன நீர்க்கட்டி உருவாகும். இது கேன்சர் இல்லை, எலும்பை அரிக்காது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதுதான் அதிகம். பல கட்டிகள் அப்படியே இருக்கும். சில, தானாகவே சுருங்கும் அல்லது உடைந்து மஞ்சள் நீராக மூக்கில் வழியும். தொல்லை இல்லை என்றால் சிகிச்சையும் தேவையில்லை.

எப்போது கவலைப்படணும்?

'மியூகோசீல்' வேற கதை. இதில் சுரப்பி அல்ல, சைனஸின் வாசலே அடைபடுகிறது. உள்ளே சேரும் சளி மெல்ல மெல்ல எலும்பைத் தள்ளி மெலிய வைக்கும். நெற்றி சைனஸில் வந்தால் கண் பிதுங்கலாம், பார்வை இரண்டிரண்டாகத் தெரியலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு, கட்டியைத் திறந்து சளி வடிய வழி செய்வதே சிகிச்சை. முகத்தில் வெட்டு விழாது.

மேல் கடைவாய்ப்பல் வேரில் சீழ் பிடித்தும் சைனஸுக்குள் கட்டி தெரியலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது பல் டாக்டரை. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் கசிந்தால், இ.என்.டி. டாக்டரிடம் போவதில் தாமதம் கூடாது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எலும்பு மெலிந்திருக்கிறதா? என் தலைவலிக்கு இந்தக் கட்டிதான் காரணமா? ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? தலைவலிக்கு மைக்ரேன் முதல் கண் பவர் வரை நூறு காரணம் இருக்கலாம். சிஸ்ட்டை எடுத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், போன பணம் திரும்பாது.

சந்தேகம் இருந்தால் இரண்டாவது கருத்து கேட்பது தப்பில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் சில கிலோமீட்டர்தான். ஆனால் எல்லாப் பொறுப்பையும் நோயாளி தலையில் கட்டுவது நியாயமில்லை. 'இது சாதாரணமாகக் காணப்படுவது, ஆபத்தற்றது' என்று ரிப்போர்ட்டிலேயே தமிழில் ஒரு வரி சேர்க்க ஸ்கேன் சென்டருக்குப் பெரிய செலவு ஆகாது. பல குடும்பங்களின் பயமும், தேவையில்லாத கடனும் அந்த ஒரு வரியில் மிச்சமாகும்.